‘கல் இல்லை’ என்று எழுதுவதற்கு முன்

உடல் எடையைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்தன. மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வீகோவி. அதே ஜூனில், இந்த வகை மருந்துகளை எடுத்துக்கொண்டவர்களில் திடீர்க் கணைய அழற்சியால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் மரபணுக்களை ஆராயும் பணியை பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. அதுவரை அதிகம் பேசப்படாத கணையம் செய்திக்கு வந்தது. அந்தக் கவனம் தேவையானதுதான். ஆனால், கணைய அழற்சிக்குப் பெரும்பாலான நாடுகளில் முதன்மைக் காரணமாக இருப்பது பித்தப்பைக் கல். அந்தக் கல்லைத் தேடும் வேலை பலருக்கும் ஒரே ஒரு ஸ்கேனோடு நின்றுவிடுகிறது. ‘கல் இல்லை’ என்ற அறிக்கையோடு வீடு திரும்புபவர், சில வாரங்களில் அதே வலியோடு திரும்பி வருகிறார்.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பரவும் கடுமையான வலி, நிற்காத வாந்தி. இதுதான் திடீர்க் கணைய அழற்சி பெரும்பாலும் வரும் விதம். நம் வீடுகளில் முதலில் ‘வாயுப் பிடிப்பு’ என்றுதான் சொல்வார்கள். சோடா வரும், ஓம வாட்டர் வரும். சிலருக்கு மாரடைப்போ என்ற பயம் வரும். மருத்துவமனைக்குப் போனதும் ரத்தத்தில் லைபேஸ், அமைலேஸ் நொதிகளின் அளவைப் பார்க்கிறார்கள். அது இயல்பின் மேல்வரம்பைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்து, வலியும் இந்த வகையாக இருந்தால், நோயின் பெயர் அன்றே தெரிந்துவிடும்.

பத்தில் எட்டுப் பேர் சில நாட்களில் தேறிவிடுவார்கள். எஞ்சியவர்களுக்குக் கணையத் திசு அழுகுவது, கிருமித் தொற்று, சிறுநீரகமும் நுரையீரலும் செயலிழப்பது என்று நிலைமை உயிரோடு விளையாடும். முதல் தாக்குதல் லேசாகப் போனவருக்கு இரண்டாவதும் லேசாகவே போகும் என்று எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான், வலி நின்ற பிறகும் ‘ஏன் வந்தது?’ என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது.

கல் தாக்கும் விதம்

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் பித்தப்பையில் தங்கியிருந்து, சாப்பிடும்போது பித்தநாளம் வழியாகச் சிறுகுடலுக்கு இறங்குகிறது. கணையநீரைக் கொண்டுவரும் குழாயும் பெரும்பாலானவர்களுக்கு அதே வாயிலில்தான் வந்து சேர்கிறது. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள வாயில் அது. பித்தப்பையிலிருந்து நழுவி வந்த கல் அங்கே சிக்கினால், கணையநீர் வெளியேற வழியில்லாமல் போகிறது. உணவைச் செரிக்க வேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே செயல்படத் தொடங்கி, கணையத்தையே அரிக்கின்றன.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் யூஜின் ஓபி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கணைய அழற்சியால் இறந்த ஒரு நோயாளியின் உடலைக் கூறாய்வு செய்தபோது, அந்தக் குறுகிய வாயிலில் ஒரு சிறு கல் சிக்கியிருப்பதைக் கண்டார். 1901-ல் அதை வெளியிட்டார். ஆனால், ஒரு சிக்கல் இருந்தது. மற்றப் பல நோயாளிகளை அறுத்துப் பார்த்தபோது அந்த இடத்தில் கல் இருக்கவில்லை. அப்படியானால், அவர்களுக்கு நோய் எப்படி வந்தது?

விடை கிடைக்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த அகோஸ்டா, லெடெஸ்மா என்ற இரு மருத்துவர்கள், பித்தக்கல்லால் கணைய அழற்சி வந்த 36 பேரின் மலத்தைச் சலித்துப் பார்த்தார்கள். யாரும் விரும்பிச் செய்கிற வேலை அல்ல. 34 பேரின் மலத்தில் கல் இருந்தது. பித்தப்பைக் கல் இருந்தும் கணைய அழற்சி வராத 36 பேரைச் சோதித்தபோது மூவரிடம் மட்டுமே கிடைத்தது. 1974-ல் வெளியான இந்த ஆய்வு, கல் சிறிது நேரம் வாயிலை அடைத்துவிட்டுக் குடலுக்குள் இறங்கிவிடுகிறது என்பதைக் காட்டியது. கல் போய்விடும், அது கிளப்பிவிட்ட அழற்சி தங்கிவிடும்.

ஸ்கேன் எடுப்பவர்கள் சந்திக்கும் சிரமம் இங்கேதான் தொடங்குகிறது. நோயாளி மருத்துவமனைக்கு வரும் நேரத்தில், குற்றம் செய்த கல் பெரும்பாலும் பித்தநாளத்தில் இருப்பதில்லை. பித்தப்பைக்குள் இன்னும் கற்கள் இருக்கின்றனவா என்பதைப் பார்த்துத்தான் காரணத்தை ஊகிக்க வேண்டும். அந்தக் கற்களும் சிறியவை. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கல் இருப்பவர்களுக்குக் கணைய அழற்சி வரும் ஆபத்து நான்கு மடங்குக்கு மேல் என்று 1997-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. பெரிய கல் பித்தப்பையிலேயே கிடக்கும். சிறியதுதான் குழாய்க்குள் நழுவும். ஸ்கேனின் கண்ணுக்குத் தப்புவதும் அந்தச் சிறியதுதான்.

முதல் ஸ்கேன் தவறும் இடம்

கணைய அழற்சி என்று தெரிந்ததும் எடுக்க வேண்டிய முதல் ஸ்கேன் சாதாரண அல்ட்ராசவுண்ட். உலகின் முக்கியமான மருத்துவ வழிகாட்டி நெறிகள் எல்லாம் இதில் ஒன்றுபடுகின்றன. செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை, கர்ப்பிணிகளுக்கும் எடுக்கலாம், சிறிய ஊரிலும் கிடைக்கும். கல்லில் மோதும் ஒலியலை திரும்பி வருவதால் திரையில் கல் வெள்ளையாகத் தெரியும். அதன் பின்னால் கறுப்பு நிழல் விழும். நோயாளி புரண்டு படுத்தால் கல்லும் உருளும். இந்த மூன்றும் சேர்ந்தால் ஐயமே இல்லை. மற்ற நேரங்களில் பித்தப்பைக் கல்லை நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்டவர்களிடம் இது சரியாகக் கண்டுபிடித்துவிடும்.

கணைய அழற்சியின் முதல் நாட்கள் அந்த மற்ற நேரங்களைப் போன்றவை அல்ல. அழற்சியால் குடல் அசைவு நின்று வாயு நிரம்பிவிடுகிறது. ஒலியலை வாயுவைத் தாண்டாது. வயிற்றில் கருவியை அழுத்தினாலே நோயாளி துடிக்கிறார். புரண்டு படுக்கச் சொன்னால் முடிவதில்லை. அவசரப் பிரிவில் நள்ளிரவில் எடுக்கும் ஸ்கேன் என்றால், நோயாளி சற்று முன் சாப்பிட்டிருக்கலாம். பித்தப்பை சுருங்கிக் கிடக்கும். இத்தனையும் சேர்ந்து, கல் இருப்பவர்களில் அதைக் கண்டுபிடிக்கும் திறன் 67 முதல் 87 விழுக்காடு வரைக்கு இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மோசமான நிலையில், கல் உள்ள மூவரில் ஒருவருக்குக் கல் இல்லை என்று அறிக்கை போகும்.

பித்தநாளத்துக்குள் இருக்கும் கல் என்றால் நிலைமை இன்னும் சிரமம். நாளத்தின் கீழ்ப்பகுதி குடலுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. கண்டுபிடிக்கும் திறன் ஆய்வுக்கு ஆய்வு பெரிதும் வேறுபட்டாலும், அந்த இடத்துக் கல்லைத் தேட சாதாரண அல்ட்ராசவுண்டை மட்டும் நம்ப முடியாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இதில் ஸ்கேன் எடுத்த மருத்துவரின் தவறு ஒன்றுமில்லை. தெரிந்ததைத்தான் அவர் எழுத முடியும். ‘வாயு அதிகம் இருப்பதால் பித்தப்பை முழுமையாகத் தெரியவில்லை’ என்ற வரியைப் பல அறிக்கைகளில் காணலாம். சிக்கல், அந்த வரியைத் தாண்டிப்போய் ‘கல் இல்லை’ என்று முடிவெடுப்பதில்தான் இருக்கிறது. நோயாளி தேறி, வயிறு இளகி, வெறும் வயிற்றோடு அமைதியாகப் படுக்க முடிகிற நாளில் அதே ஸ்கேனை மறுபடி எடுத்தால், முதலில் தெரியாத கற்கள் பலருக்குத் தெரியவரும். கூடுதல் செலவு சொற்பம். ஆனாலும், அதிகமாக விட்டுப்போகிற பரிசோதனை இதுதான்.

இரண்டாவது ஸ்கேனைப் படிப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். பல நாள் பட்டினி இருந்தவரின் பித்தப்பையில் பித்தநீர் தேங்கிக் கசடாகத் தெரியலாம். அது நோய்க்குக் காரணமா, பட்டினியின் விளைவா என்பதை முதல் ஸ்கேனோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். முதல் ஸ்கேனைத் தாமதிக்காமல் எடுத்து, அதைப் பாதுகாத்து வைக்கவும் இது ஒரு காரணம்.

சி.டி. ஸ்கேன் எல்லாம் காட்டுமா?

‘சி.டி.யே எடுத்துவிட்டோம், அதிலும் கல் இல்லை’ என்று நிம்மதி அடைபவர்கள் ஏராளம். விலை கூடிய ஸ்கேன் எல்லாவற்றையும் கூடுதலாகக் காட்டும் என்று நினைப்பது இயல்புதான். பித்தப்பைக் கல்லைப் பொறுத்தவரை அந்த நினைப்பு தவறு.

சி.டி. எக்ஸ்ரே கதிரால் அடர்த்தி வேறுபாட்டைப் பார்க்கிறது. சுண்ணாம்பு படிந்த கல் பளிச்சென்று தெரியும். கொழுப்பால் ஆன கல்லின் அடர்த்தி பித்தநீரின் அடர்த்தியோடு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், தண்ணீருக்குள் கிடக்கும் கண்ணாடித் துண்டைப்போல அது கண்ணில் படாது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக் கற்கள் இப்படி மறைந்துவிடுகின்றன. மிகச் சிறிய கற்களும் தப்புகின்றன. ஆகவே, பித்தப்பைக் கல்லைத் தேடுவதில் சாதாரண அல்ட்ராசவுண்டைவிட சி.டி. பின்தங்கியே நிற்கிறது.

சி.டி. வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். நோய் என்னவென்றே தெளிவாகாதபோதும், சில நாட்களாகியும் நோயாளி தேறாதபோதும், கணையம் எவ்வளவு அழுகியிருக்கிறது, எங்கே நீர் கோத்திருக்கிறது என்று காட்ட அதைப்போல உதவுவது வேறில்லை. நாற்பது வயதைக் கடந்தவருக்குக் காரணம் தெரியாமல் கணைய அழற்சி வந்தால், கணையத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கவும் அது வேண்டும். ஆனால், வந்த முதல் நாளிலேயே எல்லோருக்கும் சி.டி. எடுப்பதால் பயன் குறைவு. திசு அழுகுவது முழுமையாகத் தெரிய மூன்று நாட்களாவது ஆகும். முன்கூட்டியே எடுத்த படம் நோயைக் குறைத்துக் காட்டும். பிறகு மீண்டும் எடுக்க வேண்டிவரும். செலவும் கதிர்வீச்சும் இரட்டிப்பாகும்.

படங்களுக்கு இடையே ஓர் எளிய ரத்தப் பரிசோதனையையும் மறக்கக் கூடாது. கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. முதல் ஓரிரு நாட்களில் 150-ஐத் தாண்டியிருந்தால், கணைய அழற்சிக்குப் பித்தக்கல்லே காரணமாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 95 விழுக்காடு. எஸ்.ஜி.பி.டி. என்று நம் ஆய்வகங்களில் எழுதுவது இதைத்தான். கல் குடலுக்குள் இறங்கியதும் இந்த அளவு வேகமாகக் குறைந்துவிடும். மூன்றாம் நாள், நான்காம் நாள் எடுத்தால் அந்தத் தடயம் மறைந்திருக்கும். அளவு குறைவாக இருந்தால் கல் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அல்ட்ராசவுண்ட் ‘நார்மல்’, ஏ.எல்.டி. உயர்வு என்ற இரண்டும் சேர்ந்து வந்தால், தேடல் முடியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

எம்.ஆர்.சி.பி., இ.யு.எஸ்.: எது யாருக்கு?

அடுத்த படியில் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் எடுக்கும் எம்.ஆர்.சி.பி. 1990-களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ஊசியோ சாயமோ கதிர்வீச்சோ இல்லாமல், பித்தநாளத்தில் உள்ள நீரையே வெள்ளையாகக் காட்டும். கல் இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும். நாளம் முழுவதையும் ஒரே படத்தில் பார்க்கலாம். ஆனால், நோயாளி அசையாமல் படுத்து, சொன்னபோது மூச்சை அடக்க வேண்டும். வலியில் இருப்பவருக்கும், குழாய்க்குள் படுக்கப் பயப்படுபவருக்கும் இது எளிதல்ல. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் அதன் கூர்மை குறைகிறது.

இன்னொன்று, இ.யு.எஸ். எனப்படும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட். எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியில் சிறிய அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்தப்பட்டிருக்கும். மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கம்வரை அதைக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து பித்தநாளம் மிக அருகில் இருக்கிறது. நடுவே வாயு மறைப்பதில்லை. ஓரிரு மில்லிமீட்டர் கல்லும், பித்தக் கசடும்கூடத் தெரியும்.

பித்தநாளக் கல்லைக் கண்டுபிடிப்பதில் இந்த இரண்டையும் ஒப்பிட்டு 2015-ல் காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டது. கல் உள்ளவர்களில் இ.யு.எஸ். 95 விழுக்காட்டினரையும், எம்.ஆர்.சி.பி. 93 விழுக்காட்டினரையும் சரியாகக் கண்டுபிடித்தன. கல் இல்லாதவரை இல்லை என்று சொல்வதிலும் முறையே 97, 96 விழுக்காடு. எண்களில் பெரிய இடைவெளி இல்லை. எனவே, பித்தநாளத்தில் கல் தங்கியிருக்கிறதா என்று பார்க்க, கையருகே எது நன்றாகக் கிடைக்கிறதோ அதைச் செய்வதில் தவறில்லை.

காரணமே தெரியாத நோயாளியின் கதை வேறு. அவரிடம் தேட வேண்டியது பித்தநாளத்துக் கல்லை மட்டுமல்ல. பித்தப்பைக்குள் ஒளிந்திருக்கும் பொடிக் கற்களையும் கசடையும் தேட வேண்டும். 1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வில், காரணம் தெரியவில்லை என்று ஒதுக்கப்பட்ட 31 பேரின் பித்தநீரை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 23 பேரிடம் கசடு இருந்தது. அத்தகையவர்களுக்கு இ.யு.எஸ். முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2013-ல் வெளியான சர்வதேச வழிகாட்டி நெறி சொன்னதற்கு, பொடிக் கல்லையும் கசடையும் காட்டும் அதன் நுண்பார்வைதான் காரணம். அதற்கு முன் குறைந்தது இன்னொரு சாதாரண அல்ட்ராசவுண்டாவது எடுங்கள் என்றும் அது சொல்கிறது.

தமிழ்நாட்டில் எம்.ஆர்.ஐ. வசதி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் வழியாகப் பரவலாகியிருக்கிறது. இ.யு.எஸ். அப்படி அல்ல. கருவி விலை அதிகம். கைதேர்ந்த மருத்துவர் வேண்டும். பெருநகரங்களில்தான் எளிதில் கிடைக்கும். கடைக்கோடி மாவட்டத்தில் இருப்பவருக்கு ‘இ.யு.எஸ். சிறந்தது’ என்ற அறிவுரை மட்டும் போதாது. எங்கே போவது, யார் அனுப்புவது, யார் செலவை ஏற்பது என்பதும் சேர்ந்தால்தான் அது அறிவுரை.

பார்ப்பதற்காக இ.ஆர்.சி.பி. வேண்டாம்

நோயாளிகளின் குடும்பங்கள் அடிக்கடி கேள்விப்படும் இன்னொரு பெயர் இ.ஆர்.சி.பி. எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தநாள வாயிலுக்குள் குழாயைச் செலுத்திச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பது. கல் இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம். முன்பு கல் இருக்கிறதா என்று பார்க்கவே இதைச் செய்தார்கள். இன்று அது சரியல்ல. ஏனென்றால், இந்தச் சிகிச்சையே சிலருக்குப் புதிதாகக் கணைய அழற்சியை உண்டாக்கிவிடும்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், மஞ்சள் காமாலை என்று பித்தநாளத்தில் தொற்று ஏற்பட்டால் இ.ஆர்.சி.பி. அவசரச் சிகிச்சை, அதில் தயக்கம் கூடாது. அது இல்லாதவர்களுக்கு அவசரமாகச் செய்வது உதவுமா? நெதர்லாந்தின் 26 மருத்துவமனைகள் சேர்ந்து, நோய் தீவிரமாகக்கூடும் என்று கருதப்பட்ட 232 பேரிடம் இதைச் சோதித்தன. ஒரு பிரிவினருக்கு 24 மணி நேரத்துக்குள் இ.ஆர்.சி.பி.; மறு பிரிவினருக்குத் தேவை வந்தால் மட்டும். இறப்பும் பெரிய சிக்கல்களும் முதல் பிரிவில் 38 விழுக்காட்டினருக்கு, மறு பிரிவில் 44 விழுக்காட்டினருக்கு. உறுதியான வேறுபாடு என்று கொள்ள அது போதவில்லை. 2020-ல் தி லான்செட் இதழ் இதை வெளியிட்டது. கல் தங்கியிருப்பதை எம்.ஆர்.சி.பி.யோ இ.யு.எஸ்.ஸோ உறுதிசெய்த பிறகு, அதை எடுப்பதற்காக இ.ஆர்.சி.பி. செய்வதே முறை.

அவசரமாக ஒட்டப்படும் முத்திரைகள்

ஸ்கேனில் கல் தெரியவில்லை என்றதும் வேறு காரணம் தேடுவது இயல்பு. கிடைக்கும் முதல் காரணத்தோடு நின்றுவிடுவதுதான் ஆபத்து. நோயாளி ஆண், எப்போதாவது குடிப்பவர் என்றால் ‘குடியால் வந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். குடியும் கணைய அழற்சிக்கு ஒரு பெரிய காரணம்தான். தமிழ்நாட்டில் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால், குடிப்பவருக்கும் பித்தப்பையில் கல் இருக்கலாம். அந்த முத்திரை விழுந்த பிறகு அவருக்கு மறு ஸ்கேன் யாரும் எழுதுவதில்லை. அவர் குடியை விட்ட பிறகும் வலி திரும்பினால், வீட்டில் அவரை நம்புவதுமில்லை.

எடை குறைக்கும் ஊசி விஷயத்திலும் இதே அவசரம் தலைகாட்டக்கூடும். 76 மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து 2022-ல் வெளியான ஆய்வு, இந்த வகை மருந்துகளால் பித்தப்பை, பித்தநாளக் கோளாறுகளின் ஆபத்து 37 விழுக்காடு கூடுவதாகச் சொன்னது. மருந்தின் அளவு கூடும்போதும், எடை குறைப்புக்காக எடுக்கும்போதும் ஆபத்து இன்னும் கூடுதல். ஊசியே இல்லாமல், பட்டினி போட்டு வேகமாக எடையைக் குறைத்தாலும் பித்தப்பையில் கல் உருவாகும். ஆக, ஊசி போட்டவருக்குக் கணைய அழற்சி வந்தால் மருந்தை நிறுத்துவதோடு வேலை முடிவதில்லை. கல் உண்டானதா என்று பார்த்தாக வேண்டும். மருந்தை நிறுத்தினால் கல் கரைந்துவிடாது.

‘பித்தப்பைக் கல் வட இந்தியர்களுக்கு வருவது’ என்ற எண்ணமும் இங்கே உண்டு. அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ரயில்வே மருத்துவர் மல்ஹோத்ரா, இந்திய ரயில்வே ஊழியர்களிடையே நடத்தி 1968-ல் வெளியிட்ட ஆய்வில், தெற்கைவிட வடக்கில் இந்நோய் ஏழு மடங்கு அதிகம் என்று கண்டார். அரை நூற்றாண்டுக்கு முந்தைய கணக்கு அது. அன்றைய தெற்கின் உணவும் உடல் உழைப்பும் எடையும் இன்று இல்லை. நீரிழிவும் உடற்பருமனும் பெருகிய தமிழ்நாட்டில் அந்தப் பழைய கணக்கை நம்பித் தேடாமல் இருப்பது பிழை.

தேடிக் கண்டுபிடித்தால் என்ன லாபம்?

மற்றக் காரணங்களோடு ஒப்பிட்டால் பித்தப்பைக் கல்லுக்கு ஒரு சிறப்பு உண்டு: அதை முற்றாக நீக்கிவிட முடியும். லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றிவிட்டால், மறு தாக்குதலுக்கான வாய்ப்பு பெரிதும் குறைந்துவிடும்.

எப்போது அகற்றுவது? ‘வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்து, ஒரு மாதம் கழித்து வாருங்கள்’ என்பது நெடுநாள் வழக்கம். அதையும் நெதர்லாந்து மருத்துவர்களே சோதித்தார்கள். 23 மருத்துவமனைகள், லேசான பித்தக்கல் கணைய அழற்சி வந்த 266 பேர். பாதிப் பேருக்கு அதே சேர்க்கையில் அறுவைச் சிகிச்சை. மற்றவர்களுக்கு 25 முதல் 30 நாட்கள் கழித்து. ஆறு மாதங்களுக்குள் கல்லால் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் சேர்த்து, காத்திருந்தவர்களில் 17 விழுக்காடு. உடனே செய்துகொண்டவர்களில் 5 விழுக்காடு. 2015-ல் இந்த முடிவு வெளியானது. நோய் தீவிரமாகி, கணையத்தைச் சுற்றி நீர் கோத்தவர்களுக்கு மட்டும் அது வடியும்வரை காத்திருப்பது அவசியம்.

வசதி நிறைந்த நாடுகளிலும் இது ஒழுங்காக நடப்பதில்லை. பிரிட்டனில் கணைய அழற்சி சிகிச்சையின் தரத்தை ஆய்வு செய்து 2016-ல் ஓர் அறிக்கை வெளியானது. ‘காரணத்துக்குச் சிகிச்சை கொடுங்கள்’ என்பதே அதன் தலைப்பு. அதில் இடம்பெற்ற நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முன்பே ஒருமுறையாவது இதே நோயால் அவதிப்பட்டவர். முதல்முறை காரணத்தைக் கண்டு நீக்கியிருந்தால், அவர்களில் பலர் இரண்டாம் முறை வந்திருக்கவே மாட்டார்கள்.

செய்ய வேண்டியவை

முதல் மாற்றத்துக்குப் புதிய கருவியே வேண்டாம். கணைய அழற்சியோடு சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் 24 மணி நேரத்துக்குள் அல்ட்ராசவுண்ட், ஏ.எல்.டி. இரண்டையும் எடுப்பதை மாவட்டத் தலைமை மருத்துவமனை தொடங்கி எல்லா இடங்களிலும் கட்டாயமாக்கலாம். முதல் ஸ்கேனில் கல் தெரியாதவர்களுக்கு, வீடு திரும்பும் முன்போ அடுத்த வருகையிலோ வெறும் வயிற்றில் மறு அல்ட்ராசவுண்ட் எடுக்கத் தேதி குறித்துக் கொடுக்க வேண்டும். ‘தேவைப்பட்டால் வாருங்கள்’ என்பது தேதி ஆகாது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘காரணம்’ என்று தனிக் கட்டம் வேண்டும். கல்லா, குடியா, ட்ரைகிளிசரைடு கொழுப்பா, மருந்தா, இன்னும் தெரியவில்லையா என்று அதில் எழுத வேண்டும். தெரியவில்லை என்றால் அடுத்து என்ன பரிசோதனை, எங்கே, எப்போது என்பதும் இடம்பெற வேண்டும். ஸ்கேன் அறிக்கை எழுதுபவர்களும் ‘பித்தப்பை நன்றாகத் தெரிந்தது, கல் இல்லை’ என்பதையும் ‘பித்தப்பை சரியாகத் தெரியவில்லை’ என்பதையும் முடிவுரையிலேயே பிரித்துச் சொல்ல வேண்டும். அவசரப் பிரிவில் அந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள்.

இ.யு.எஸ். கருவியை எல்லா மாவட்டங்களிலும் வாங்கி வைப்பது இப்போதைக்கு நடக்கிற காரியமல்ல, தேவையும் இல்லை. சில மாவட்டங்களுக்கு ஒரு மையம் என்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அமைத்து, பயிற்சி பெற்ற இரைப்பை-குடல் மருத்துவர்களை அங்கே நிறுத்தி, இரண்டு ஸ்கேன்களிலும் காரணம் கிடைக்காத நோயாளிகளை அங்கே அனுப்பும் முறையை வகுக்கலாம். அதுவரை எம்.ஆர்.சி.பி. நல்ல மாற்று.

காப்பீட்டுத் திட்டங்கள் கணைய அழற்சி சிகிச்சையையும் பித்தப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சையையும் ஒரே தொடர் சிகிச்சையாகப் பார்க்க வேண்டும். நோயாளி ஒருமுறை டிஸ்சார்ஜ் ஆகி, மறுபடி சேர்ந்தால்தான் பணம் என்ற நிலை எங்கே இருந்தாலும், அது மருத்துவ அறிவுக்கு எதிரானது. அரசு மருத்துவமனைகளில் அறுவை அரங்கின் நெருக்கடியால் தாமதமாகிறது என்றால், வாரத்தில் ஒரு நாளை இந்த நோயாளிகளுக்காக ஒதுக்கலாம்.

நோயாளிகளும் குடும்பத்தினரும் ஸ்கேன் படங்களையும் முதல் நாள் ரத்தப் பரிசோதனைத் தாளையும் தூக்கிப் போடாமல் ஒரே கோப்பில் வைத்திருங்கள். மருத்துவமனை மாறினாலும் அவை கூடவே போக வேண்டும். எடை குறைக்கும் ஊசி, நாட்டு மருந்து, குடி எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் மறுநாளுக்குக் காத்திருக்காதீர்கள். வீடு திரும்பும் நாளில் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எனக்கு இது எதனால் வந்தது? பித்தப்பை முழுமையாகத் தெரிந்த ஸ்கேன் எடுத்தாகிவிட்டதா? கல் இருந்தால், அறுவைச் சிகிச்சையை இப்போதே ஏன் செய்யக் கூடாது?